ஏரி திருப்பிச் சொன்னது

பல் தேய்க்கப் போன இடத்துல அந்தப் பேச்சு என் காதுல விழாம இருந்திருந்தா, இந்த வாரம் உங்ககிட்ட சொல்ல எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது. விழுந்து தொலைச்சுதே!

வேனுக்கு அந்தப் பக்கம் என் தம்பி குரல். "இன்னிக்கு சாயங்காலம் அக்காவைத் தனியா பாட விடக் கூடாது. என்ன ஆனாலும் சரி."

கூடவே என் தங்கச்சி குரல். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

போன வாரம் அந்த இடத்துலதான் விட்டேன். வாயில நுரையும் கையில பிரஷ்ஷுமா நான் நின்ன கோலத்தை நினைச்சு பாதிப் பேர் சிரிச்சிருப்பீங்க. சிரிங்க. எனக்கு சிரிப்பு வரல. உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு.

புதுசா வந்தவங்களுக்கும் சேர்த்து ஒரு தடவை சொல்லிடறேன். நாங்க பாட்டுக்காரக் குடும்பம். நான் மூத்தவ, மேடையில நடுவுல நிக்கிறவ. பக்கத்துல நின்னு பாடறவ என் தங்கச்சி. வீட்டுலயும் குட்டி, மேடையிலயும் குட்டி. நடுவுல பொறந்த தம்பி எங்களுக்கு சவுண்டு. சின்ன வயசுல எந்த ரேடியோவைப் பார்த்தாலும் திருகிக் குடைஞ்சுக்கிட்டே இருப்பான், பேரே ரேடியோன்னு ஆயிடுச்சு. வேன் ஓட்டறது, வெந்நீர் போடறது, எனக்குக் கோவம் வந்தா குறுக்கே வந்து நிக்கிறது, இதெல்லாம் என் வீட்டுக்காரர் வேலை.

கோடை வந்தா இந்த ஏரிக்கரையில இசை விழா. ஊரையெல்லாம் தாண்டி, அறுத்துப் போட்ட வயல் நடுவுல காரையெல்லாம் நிறுத்திட்டு, மண்ணு ரோட்டுல நடந்து வந்து கூட்டம் உக்காரும். மூணு நாளும் நாங்க பாடறோம். இன்னிக்குக் கடைசி நாள். கடைசிக் கச்சேரியும் எங்களுது.

அந்தக் கச்சேரியைக் கேக்கத்தான் கூலிங் கிளாஸ் வந்திருக்கார். நாங்க வெச்ச பேர். இருட்டினாலும் கண்ணாடியைக் கழட்டாத மனுஷன். பெரிய பெரிய அரங்குகள்ல கச்சேரி ஏற்பாடு பண்றவர். எங்க பாட்டைப் பதிவுல கேட்டுட்டு, "அந்த மேல் ஸ்தாயி போற குரல் எனக்கு வேணும், ஒரு வருஷம் ஊர் ஊரா கூட்டிட்டுப் போறேன்"னு நேர்ல கிளம்பி வந்துட்டார். நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கடைசிப் பாட்டை நீங்க தனியா பாடுங்க. அந்தக் குரலைப் பக்கத்துல இருந்து கேக்கணும்"னார்.

இத்தனை வருஷம் பாடினதுக்கு ஒரு வழி பொறந்துச்சேன்னு நான் பூரிச்சுப் போய் நிக்கிறேன். மறுநாள் காலையில என் சொந்த ரத்தம் வேனுக்குப் பின்னாடி நின்னு என்னைக் கவுக்கத் திட்டம் போடுது. கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

வாயைக் கொப்பளிச்சுட்டு நேரா டீக் கடை கூடாரத்துக்குப் போனேன். ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாத மாதிரி பெஞ்சில உக்காந்திருந்தாங்க.

"இன்னிக்கு ஒரு பாட்டு இல்ல, ரெண்டு பாட்டு தனியா பாடப் போறேன்"னேன்.

ரேடியோவுக்கு டீ புரையேறிடுச்சு. "காத்து சரியில்லக்கா."

"எந்தக் காத்து?"

"ஏரிக் காத்து. ஈரம். மைக்குக்கு ஆகாது."

"நேத்து பாடினோமே, நம்ம மைக்கெல்லாம் ரெயின்கோட் போட்டுக்கிட்டா இருந்துச்சு?"

"அதில்லக்கா... கமிட்டில நேரத்தைக் குறைச்சுட்டாங்க."

"கமிட்டிக்காரர் அதோ கக்கூஸ் வரிசையில நிக்கிறார். கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

டம்ளரைத் திரும்ப வாயில வெச்சுக்கிட்டான். குட்டி குனிஞ்ச தலை நிமிராம, "உன் தொண்டைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடேன்க்கா"ன்னா.

"ஏன், நீ ஏறி நிக்க இடம் கிடைக்கும்னா?"

கேட்டுட்டேன். அவ டம்ளரை பெஞ்சு மேல வெச்சா. வெச்ச வேகத்துல பாதி டீ வெளிய வந்துடுச்சு. என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க, அப்படி ஒரு பார்வையை நான் அவகிட்ட பார்த்ததே இல்ல. எழுந்து ஏரிப் பக்கம் போயிட்டா.

"காலங்காத்தால எதுக்கும்மா இதெல்லாம்?" என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கோட வந்து நின்னார்.

"நீங்க சொல்லுங்க. என் குரலுக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல. நேத்துகூட கண்ணாடி மாதிரி இருந்துச்சே." ஃபிளாஸ்க் மூடியை இறுக்கிக்கிட்டே சொன்னார். கச்சேரி முடிஞ்சா தினமும் சொல்ற அதே வார்த்தை. அந்த மனுஷன் ஒருத்தர்தான் எனக்கு இருக்கார்னு அந்த நிமிஷம் நினைச்சேன். நினைச்சதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மத்தியானம் சவுண்டு சரி பார்க்கிற நேரம். வெயில் மண்டையைப் பிளந்துச்சு. ஏரித் தண்ணி வத்தி, ஓரமெல்லாம் சேறு வெடிச்சுக் கிடந்துச்சு. மைதானத்துல நாற்காலி அடுக்கறவர் ஒருத்தரைத் தவிர வேற ஆளே இல்ல.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எப்பவும் மேடை ஏரிக்கு முதுகு காட்டி நிக்கும். சாயங்கால வெயில் கூட்டத்துக்குக் கண்ணுல அடிக்குதுன்னு இந்த வருஷம் கமிட்டிக்காரங்க மேட்டு மேல கொண்டு போய், ஏரியைப் பார்த்து மேடை போட்டுட்டாங்க. வந்து இறங்கின அன்னிக்கே ரேடியோ குதிச்சான். "ஸ்பீக்கர் எல்லாம் தண்ணியைப் பார்த்து நிக்குது. அக்கரையில அவ்வளவு பெரிய பாறை இருக்கு, பட்டுத் திரும்பி வரும்யா!"ன்னு. கூட்டம் உக்காந்தா சத்தம் அமுங்கிடும்னு சொல்லி அவங்க வாயை அடைச்சுட்டாங்க. முதல் ரெண்டு நாள் கூட்டம் இருக்கும்போதே எங்களுக்கு சரி பார்க்கிற வேலையெல்லாம் முடிஞ்சுடுச்சு, அவனும் மறந்துட்டான்.

பாட்டு திரும்பி வரும்னு கவலைப்பட்டவன், அதை நான் கேப்பேனேன்னு கவலைப்படல பாருங்க. அங்கதான் மாட்டினான்.

எப்படின்னா, மேடையில நிக்கிற எங்களுக்கு வெளிய போற பாட்டு கேக்காது. காலடியில ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். நாங்க கேக்கிறது அதைத்தான். எனக்குன்னு தனியா ஒண்ணு ரேடியோ வெச்சுக் குடுத்திருந்தான். என் குரல் அதுல அப்படியே பளபளன்னு கேக்கும். "அக்காவுக்குன்னு பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கேன்"னு சொல்வான். நானும் பெருமையா நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். என் மைக்குல சிவப்பு டேப், குட்டி மைக்குல நீல டேப்.

ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு அடி பாடினோம். குட்டி காலையில இருந்து என் முகத்தைப் பார்க்கல, ஆனா சுருதி பிசகல. மேல போய் இழுத்து நிறுத்தினோம். கீபோர்டுக்காரர் கையை எடுத்தார். எல்லாம் அடங்கிடுச்சு.

அக்கரையில இருந்து பாட்டு திரும்பி வந்துச்சு.

தெளிவா வந்துச்சு. தண்ணி மேல வழுக்கிக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தும் பிரிச்சுப் பார்க்கிற மாதிரி. நல்லா இருந்துச்சு. ஆனா அதுல ஒரு குரல்தான் இருந்துச்சு. குட்டி குரல்.

"ரேடியோ! என் மைக் ஆன்ல இருக்கா?"

"இருக்குக்கா! நல்லா கேக்குது!" மைதானத்து நடுவுல குடைக்கு அடியில இருந்து கத்தினான். ரொம்ப சீக்கிரமா கத்தினான்.

"எனக்குக் கேக்குதுடா. அந்தப் பாறைக்குக் கேக்கலையே? குட்டி, நீ வாயை மூடு. நான் மட்டும்."

பாடினேன். காலடியில என் குரல் பளபளன்னு கேட்டுச்சு. அதே அடி, அதே உச்சி, இழுத்து நிறுத்தினேன். காத்திருந்தேன். பாறை சும்மா நின்னுச்சு. ஏதோ ஒரு முனகல் வந்த மாதிரி இருந்துச்சு, அதுகூட காத்தோ என்னவோ.

தண்ணி ஓரத்துல நாற்காலி அடுக்கிக்கிட்டிருந்தவர் மேடையைப் பார்த்துக் கத்தினார். "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவ்வளவுதான். செருப்பைக்கூடப் போடாம இறங்கினேன். கொதிக்கிற மண்ணுல விறுவிறுன்னு குடைக்குப் போனேன். எல்லா மைக் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேல ரேடியோ ரெண்டு கையையும் விரிச்சு வெச்சு மறைச்சான், பரீட்சையில பக்கத்துப் பையன் பார்க்காம இருக்க மறைப்பானே, அது மாதிரி.

"கையை எடு."

"அக்கா, வெயில்ல நிக்காதே..."

"எடுடா!"

எடுத்தான். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர் இருக்கும். மேல தள்ளினா சத்தம் ஏறும், கீழ இழுத்தா இறங்கும். நீல டேப் ஒட்டினது உச்சியில. சிவப்பு டேப் ஒட்டினது அடியில.

"ஓஹோ. இன்னிக்கு என்னைக் கவுக்க இதான் வழியா? அந்த ஆளு முன்னாடி நான் வாயை வாயை அசைக்கணும், பாட்டு வரக் கூடாது, அதானே?"

"இல்லக்கா, சத்தியமா இன்னிக்குன்னு பண்ணல."

அது பொய் இல்ல. அப்பதான் பார்த்தேன். நீல ஃபேடர் ஏறி இறங்கற பள்ளம் தேய்ஞ்சு மினுமினுன்னு இருந்துச்சு. சிவப்பு ஃபேடருக்கு மேல இருக்கிற பள்ளத்துல தூசி. விரலை வெச்சுத் தேய்ச்சா ஒட்டுது. ஒரு நாள் தூசி இல்ல அது. அந்த ஃபேடரை யாரும் மேல தள்ளியே ரொம்ப காலம் ஆச்சு.

"எப்ப இருந்து?"

குடைக் கம்பியைப் பிடிச்சுத் திருகினான்.

"டேய், எப்ப இருந்துடா?"

"உனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சே... அதுக்கப்புறம் இருந்து."

"நான் பாடறது வெளிய போகவே இல்லையா?"

"போகுதுக்கா. கொஞ்சம் போகும்."

"காலடியில எனக்குக் கேக்குதே, அது?"

"அதுல உன் குரலைக் கொஞ்சம் மெருகேத்தி விடுவேன். குட்டி குரலையும் அடியில கலந்து..."

"இப்ப அவ வாயை மூடிட்டுத்தானே நின்னா?"

"அது மெருகு மட்டும்தான்க்கா."

கையை நீட்டினேன். அவன் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியா பதிவு பண்ணி வெச்சிருப்பான், அது எனக்குத் தெரியும். ஹெட்ஃபோனைக் கேட்டேன். மாட்டேன்னான். பிடுங்கி மாட்டிக்கிட்டு, "நேத்து கச்சேரி. சிவப்பு மட்டும். மெருகெல்லாம் வேண்டாம்"னேன்.

கேட்டேன்.

என்னத்தைச் சொல்ல? பழைய பீரோ கதவு திறக்கிற மாதிரி ஒரு குரல். கீழ பரவாயில்ல. மேல போகப் போக இழுத்துப் பிடிச்சு, ஏறாம, பாதியில உடைஞ்சு, அப்புறம் காத்து மட்டும். அந்தக் காத்தோட நான் கண்ணை மூடிக்கிட்டு, கையை விரிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். கூட்டம் கைதட்டியிருக்கு. நான் குனிஞ்சு நன்றி சொல்லியிருக்கேன்! அய்யோ, அதை நினைச்சாத்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுது. ஹெட்ஃபோனைக் கழட்டி வீசினேன். வயர் இருந்ததால தூரம் போகல, அதுவும் எரிச்சலா இருந்துச்சு.

குட்டி பின்னாடியே வந்து நின்னிருந்தா.

"உனக்கும் தெரியும்"னேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே என் பக்கத்துல நின்னு சிரிச்சே. கூடப் பொறந்தவளாடி நீ? என்னைப் பைத்தியக்காரி ஆக்கி வேடிக்கை பார்த்தியா?"

"வேடிக்கையா?" குட்டி ஒரு அடி முன்னாடி வந்தா. அவ கத்தி நான் கேட்டதே இல்ல. வீட்டுல பேசினாலே பக்கத்து அறைக்குக் கேக்காது. "கச்சேரி முடிஞ்சா உன்னைச் சுத்தி வந்து நிப்பாங்க. 'அந்த மேல் ஸ்தாயி, அடடா'ன்னு உன் கையைப் பிடிச்சு உருகுவாங்க. யாரோட மேல் ஸ்தாயி அது? நான் ஒரு ஓரமா உன் கைப்பையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். நீ என்ன சொல்வே? திரும்பி எங்கிட்ட, 'குட்டி, கொஞ்சம் அடக்கிப் பாடு, என் மேல ஏறாதே'ம்பே. சொன்னியா இல்லையா?"

சொல்லியிருக்கேன். வண்டியில வரும்போது, சாப்பிடும்போது, நாலு பேர் எதிர்ல.

"காலையில கூட, ஏறி நிக்க இடம் கேக்கிறேன்னே. நான் நின்னுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன். ஒருத்தருக்கும் தெரியாம நிக்கிறேன்."

கோவம் அப்படியே இருக்கு, ஆனா எங்க கொண்டு போய்க் கொட்டறதுன்னு தெரியல. அதுக்கு மேல ஒரு அவஸ்தை உண்டா?

அந்த நேரம் பார்த்து ரேடியோ வாயைத் திறந்தான். "நடந்தது நடந்துடுச்சு. இப்ப அந்த ஆளை சமாளிக்கணும்ல? எங்கிட்ட ஒரு வழி இருக்கு. மேடைக்குப் பின்னாடி கறுப்புத் துணி கட்டியிருக்கோம். கடைசிப் பாட்டுக்கு குட்டி துணிக்குப் பின்னாடி நின்னு பாடட்டும். நீ முன்னாடி நின்னு வாயசைச்சா போதும். ஒரு பயலுக்கும் தெரியாது."

"என்னை பொம்மையாவே ஆக்கிடலாம்கிறே?"

"உனக்காகத்தான்க்கா!"

"நான் மாட்டேன்னு காலையிலேயே சொல்லிட்டேன்"னா குட்டி. "உண்மையை அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமான்னுதான் இவன்கிட்ட கேட்டேன்."

அந்தப் பேச்சை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், அவ எதுக்குச் சொன்னா! வேனுக்குள்ள போய் கதவை அறைஞ்சு சாத்திட்டேன். கதவு ஆடிப்போயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கால கண்ணாடியில தட்டினார். திறக்கல.

உள்ள வேர்த்துக் கொட்டிச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. கூலிங் கிளாஸுக்கு என் குரலைத்தானே பக்கத்துல இருந்து கேக்கணும்? கேக்கட்டும்.

வெயில் இறங்கினதும் மைதானம் நிறைஞ்சுடுச்சு. பாய் விரிச்சவங்க, நாற்காலி பிடிச்சவங்க, குழந்தையைத் தோள்ல தூக்கி வெச்சவங்க. கூலிங் கிளாஸ் முதல் வரிசையில கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தார். ரேடியோ மிக்ஸர்ல. பக்கத்துல எப்பவும் போல ஒரு ஸ்டூல் போட்டு என் வீட்டுக்காரர்.

சேர்ந்து பாடற பாட்டையெல்லாம் முதல்ல முடிச்சோம். நான் பாடல. நிஜமா பாடல. சிவப்பு மைக்கை வாய்க்கு நேரா வெச்சுக்கிட்டு, உதட்டைத் திறந்து மூடிக்கிட்டு சும்மா நின்னேன், ஒரு எழுத்தாவது யாராவது குறையுதுன்னு கண்டுபிடிக்கிறாங்களான்னு பார்த்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. முன்வரிசையில ஒரு அம்மா, "அக்கா, இன்னிக்கு பிச்சு உதறிட்டீங்க!"ன்னு என்னைப் பார்த்துக் கத்தினாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சேன்.

குட்டிக்குத் தெரிஞ்சுடுச்சு. பாடிக்கிட்டே ஓரக் கண்ணால என்னைப் பார்த்தா.

கடைசிப் பாட்டு. நான் தனியா. குட்டிகிட்ட போனேன். என் சிவப்பு மைக்கை அவ கையில திணிச்சேன், அவ நீல மைக்கைப் பிடுங்கிக்கிட்டேன். அவ விடறதுக்குள்ள ஒரு நொடி ரெண்டு பேரும் அதைப் பிடிச்சு இழுத்தோம், சின்ன வயசுல பொம்மைக்கு இழுத்த மாதிரி. அப்புறம் விட்டுட்டா.

கீபோர்டுக்காரர்கிட்ட, "சுருதியை இறக்குங்க"ன்னேன்.

"எவ்வளவும்மா?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

இறக்கினார். இன்னும்னேன். இன்னும் இறக்கினார். பாவம், ஒரு மாதிரியா பார்த்தார். போதும்னேன்.

பாடினேன். காலடி ஸ்பீக்கரைத் திருப்பி வெச்சுட்டுப் பாடினேன். முதல் அடி கீழயே போறது, தப்பிச்சேன். ரெண்டாவது அடியில கூட்டத்துல ஒரு சலசலப்பு. யாரோ பக்கத்துல இருக்கிறவரைப் பார்த்து என்னாச்சுன்னு கேக்கறது தெரிஞ்சுது. மூணாவது அடியில ஏறணும். ஏறினேன். உடைஞ்சுது. நல்லா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, பீரோ கதவு. பின்னாடி ஒரு கூட்டம் சிரிச்சுது. ஒருத்தன் விசிலடிச்சான்.

மிக்ஸர் மேல இருந்த சின்ன விளக்கு வெளிச்சத்துல ரேடியோ கை நீல ஃபேடரை நோக்கிப் போனது தெரிஞ்சுது.

"கையை எடு!"ன்னேன். மைக்கிலயேதான்.

மொத்த மைதானமும் அமைதியாயிடுச்சு. அந்த அமைதியில அக்கரைப் பாறையும் சொல்லுச்சு. "கையை எடு!" என் குரல்ல. கரகரன்னு, உடைஞ்சு போய், முழுசா என் குரல்ல.

ரேடியோ கையை எடுத்துட்டான். சிரிச்சவங்க வாயை மூடிட்டாங்க, எதுக்குன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. விட்ட இடத்துல இருந்து எடுத்தேன். இன்னும் ரெண்டு இடத்துல உடைஞ்சுது. நிறுத்தல. முடிக்கிற வரைக்கும் பாடி முடிச்சேன். நல்லா இருந்துச்சான்னு கேக்காதீங்க. நல்லா இல்ல. ஆனா பாறை திரும்பச் சொன்ன ஒவ்வொரு அடியும் என்னுதா இருந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் பாடின முதல் கச்சேரி அதுதான்னு வெச்சுக்கோங்க.

கை தட்டினாங்க. அங்கங்க, மரியாதைக்கு. முன்வரிசை அம்மா மட்டும் தட்டல, ஏமாத்திட்டேன்னு நினைச்சிருப்பாங்க.

மேடைக்குப் பின்னாடி இறங்கி வந்தா, கூலிங் கிளாஸ் நின்னுக்கிட்டிருந்தார். முதல் தடவையா கண்ணாடியைக் கழட்டியிருந்தார். சின்னக் கண்ணு.

"ஒண்ணு கேக்கணும்"னார். "நான் பதிவுல கேட்ட குரல் உங்களுது இல்ல, சரியா?"

ரேடியோ வயர் சுத்தறதை விட்டுட்டு ஓடி வந்தான். "சார், அக்காவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல சார், காலையில இருந்தே..."

"நீ வாயைத் திறந்தே, அந்த வயராலேயே கட்டிப் போட்டுடுவேன்"னேன். கூலிங் கிளாஸைப் பார்த்தேன். அந்த ஒரு வருஷம், அந்தப் பெரிய அரங்கு, எல்லாம் என் நாக்கு நுனியில நின்னுச்சு. உடம்பு சரியில்லைன்னு சொன்னா போதும், அந்த மனுஷன் நம்பினாலும் நம்பிடுவார்.

"அவளுது"ன்னேன். குட்டியைக் காட்டினேன். "எல்லாப் பதிவும் அவளுது. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்."

அவர் குட்டிப் பக்கம் திரும்பினார். குட்டி சிவப்பு மைக்கைக் கையிலயே வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. அழுதாளா, இல்ல அடிக்க வர்றாளான்னு எனக்குத் தெரியல.

"இப்ப பேசாதீங்க"ன்னேன் அவர்கிட்ட. "அவ எங்கிட்ட பேச வேண்டியதையே இன்னும் பேசி முடிக்கல. முடிச்சதும் சொல்லி அனுப்பறோம்."

மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போயிட்டார். அவர் போனதும் ரேடியோவுக்கு ரோஷம் வந்துடுச்சு.

"எல்லாத்துக்கும் என் தலையையே உருட்டு! நானா போய் ஃபேடரை இறக்கினேன்? செய்யச் சொன்னது யாருன்னு கேட்டியா?"

"யாரு?"

அவன் எனக்குப் பின்னாடி பார்த்தான்.

என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கோட வந்துக்கிட்டிருந்தார். எப்பவும் போல மூடியைக் கழட்டி, அதுல வெந்நீரை ஊத்தி நீட்டினார்.

"சொல்லுங்க"ன்னேன். "கண்ணாடி மாதிரி இருந்துச்சா இன்னிக்கு?"

"ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்ப, பாட முடியலேன்னா நான் செத்துடுவேன்னு சொன்னே"ன்னார். "ஒரு தடவை இல்ல, தினமும் சொன்னே. எனக்கு பயமா இருந்துச்சும்மா. நான்தான் ரேடியோ கையைப் பிடிச்சுக் கேட்டேன். கொஞ்ச நாளைக்குன்னு."

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. இன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இல்ல"ன்னார். "மேல கிழிஞ்சுடுச்சு. கேக்க முடியல."

இத்தனை நாள்ல அந்த மனுஷன் என் பாட்டைப் பத்திச் சொன்ன முதல் நிஜம். அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணு நிறைஞ்சுடுச்சு, அதுல இன்னும் கோவம் வந்துச்சு.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதிருப்பேன். ஒரே ஒரு வாரம்! அதோட முடிஞ்சிருக்கும். இப்ப இவளுக்குப் போன காலத்தை யாரு திருப்பித் தருவா? நீங்களா?" வெந்நீரை வாங்கிக் கீழ கொட்டினேன். "வேன் சாவியைக் குடுங்க."

"எதுக்கு? இன்னும் சாமானே ஏத்தல."

"சாவி!"

குடுத்தார். அதைக் குட்டிகிட்ட நீட்டினேன். அவளுக்கு நல்லா ஓட்டத் தெரியும், நான்தான் ஓட்ட விட்டதில்ல.

"நீ எங்கிட்ட பேச வேண்டாம்"னேன். "திட்டணும்னா வழியெல்லாம் திட்டிக்கிட்டே வா. ஆனா இவங்க ரெண்டு பேரோட ஒரே வண்டியில நான் ஏற மாட்டேன்."

குட்டி சாவியைப் பார்த்தா. அப்புறம் அந்த ரெண்டு பேரையும் பார்த்தா. மேடை முழுக்க ஸ்பீக்கர், வயர், பெட்டி, ஸ்டாண்டு. ஒரு லோடு சாமானுக்கு நடுவுல ரெண்டு ஆம்பளைங்க, நடு வயல்ல. வெடுக்குன்னு சாவியை வாங்கிக்கிட்டா.

நான் முன்சீட்டுல ஏறி உக்காந்தேன். அவ வண்டியை எடுத்த வேகத்துல காலியா கிடந்த தண்ணி டிரம் ஒண்ணு சாய்ஞ்சுது. வயலைத் தாண்டி மண்ணு ரோட்டுக்கு வந்தோம். சிவப்பு மைக் இன்னும் அவ மடியில கிடந்துச்சு.

அப்ப பின்னாடி ஸ்பீக்கர் அலறுச்சு. மைக்கைப் பிடிச்சுட்டான் ரேடியோ. "அக்கா! வண்டியை நிறுத்துக்கா! அக்கா!"

தண்ணியைத் தாண்டி அக்கரையில இருந்தும் வந்துச்சு. "அக்கா!"

குட்டி பிரேக்ல காலை வெச்சா. காலையில இருந்து முதல் தடவையா சாதாரணமா ஒரு வார்த்தை எங்கிட்ட பேசினா. "யாரோ கூப்பிடறாங்க."

"பாறைதான்"னேன். "நீ ஓட்டு."